கரடிக்கணவாயில் கோணிய வேலி

வைட் கிளிஃப்ஸ்
மே 23, செவ்வாய்

டீகன்,

இது சமாதானக் கடிதம் இல்லை. ஈஸ்டருக்கு நீ சொன்னதும் நான் கத்தியதும் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். இது ஆட்டம் சம்பந்தப்பட்ட கடிதம். ஆட்டத்துக்குள் சண்டையைக் கொண்டுவரக் கூடாது என்று பதினொரு வயதுச் சிறுமியாக நீயே சட்டம் போட்டாய். அந்தச் சட்டத்தின் கீழ் எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். ஆட்டத்தில் என் வீடு இருக்கிற ஊர், கரடிக்கணவாய், கெட்டுப்போய்விட்டது. நீ விட்டுப்போன கம்ப்யூட்டரில் தினமும் நாலரை மணிக்கு உட்காருகிறேன். காலையில் பண்ணைப் பிள்ளைகள் ஆறு பேரைப் பள்ளியில் சேர்த்து, மூன்று மணிக்கு மறுபடி ஏற்றி, ஒவ்வொரு வாசலாக இறக்கிவிட்டு, பஸ்ஸைக் கழுவிவிட்டு வந்தால் அதுதான் எனக்குக் கிடைக்கிற நேரம். ராஜாவைக் காப்பாற்று, ராஜாவைக் காப்பாற்று என்று பதினைந்து வருடமாக அந்த ஊரே என் பின்னால் ஓடிவருகிறது. நான் பிஸ்கட் என்கிற என் குதிரைக்கு வேலி கட்டிக்கொண்டிருக்கிறேன். ராஜா இன்னும் சிறையில்தான். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று கேள்வி.

ஆனால் இப்போது எல்லாமே மங்கல். காடு பூட்ஸுக்குள் எட்டிப்பார்த்த மாதிரி கருப்பு. பனி அழுக்குத் துணி நிறம். சத்திரத்துக்காரி ஹில்டா என்ன முகபாவத்தில் பேசுகிறாள் என்றே தெரியவில்லை. பழைய ஆட்டம், அதற்கும் வயதாகிறது என்று நினைக்கிறேன். இந்த ஆட்டத்தை விரும்புகிறவர்கள் செய்து காசில்லாமல் கொடுக்கிற ஒட்டுவேலைகள் உண்டே, மோட் என்பீர்களே, நீகூட பனி மூடிய வேலிகளுக்கு ஒன்று செய்து எண்பதாயிரம் பேர் எடுத்துக்கொண்டார்களே. அந்த மாதிரி, வெளிச்சமும் தெளிவும் கூட்டுகிறதாகப் பார்த்து நல்லது நாலு தேர்ந்தெடுத்து அனுப்பு. தபாலில்தான் அனுப்ப வேண்டும். இங்கே செயற்கைக்கோள் இணையத்தில் ஒரு பூனைப்படம் இறங்குவதற்குள் பூனைக்குப் பேரன் பிறந்துவிடும்.

போன் செய்யாதே. வெயிலுக்குப் பயந்து தோண்டிய வீடு, மண்ணுக்குள் இருக்கிறது என்பது உனக்குத் தெரியும். சிக்னலுக்காகத் தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறி இறங்க என் முழங்கால் ஒப்புக்கொள்வதில்லை.

அப்பா
(நெவ் டிரான்டர், குகைவாசி)


அடிலெய்ட்
மே 30

அப்பா,

சட்டம் செல்லும். சண்டை வெளியே.

பிஸ்கட் டப்பாவுக்குள் ஒரு டிஸ்க் வைத்திருக்கிறேன். அதில் பதினொரு மோட் இருக்கிறது. உனக்கு வேண்டியது மூன்றே மூன்று. மீதி எட்டும், நீ எப்படியும் ‘இன்னும் இருக்கா’ என்று கேட்பாய் என்பதற்காக.

முதலாவது கல், மரம், துணி எல்லாவற்றுக்கும் புதுத் தோல் போடுகிறது. பெரிய அளவு, சின்ன அளவு இரண்டும் உண்டு. சின்னதைப் போடு. உன் கம்ப்யூட்டரில் படம் காட்டுகிற கார்டு பழையது, பெரியதைப் போட்டால் அதன் மேல் முட்டை பொரிக்கலாம். அடுத்தது வெளிச்சம். இணையத்தில் படம் போட்டுப் பெருமையடிக்கிறார்களே, சூரியன் தேனாக வழிகிற மாதிரி, அது வேண்டாம். படத்துக்கு அழகு, ஆடினால் குதிரை நகராது. நான் வைத்திருப்பது எளிமையானது. நிழலைக் கொஞ்சம் தளர்த்தும், அவ்வளவுதான். மூன்றாவது முகங்களுக்கு.

ஒவ்வொன்றாகப் போடு. ஒன்று போட்டு, அரை மணி நேரம் ஆடி, எதுவும் உடையவில்லை என்றால் அடுத்தது. போடுவதற்கு முன்னால் உன் ஆட்டத்தின் சேமிப்புக் கோப்பை நகலெடுத்து வேறு இடத்தில் வை. அப்புறம், ஆட்டத்தின் நடுவில் போட்ட மோடைக் கழற்றவே கழற்றாதே. அது இருந்த இடம் ஓட்டையாகிவிடும். சேமிப்புக் கோப்பு அந்த ஓட்டையைத் தேடித் தேடியே செத்துப்போகும். வேண்டாம் என்று தோன்றினால் பழைய நகலுக்குத் திரும்பு.

நான் பலகை செய்கிற கடையில் நெடுஞ்சாலை ஆர்டர் வந்திருக்கிறது. ‘கங்காரு குறுக்கிடும்’ என்று நாற்பது பலகை. கங்காருவுக்குப் படிக்கத் தெரிந்தால் நமக்கு வேலை மிச்சம்.

உன் எழுத்து கோட்டை விட்டு இறங்கிக்கொண்டே போகிறதே. பஸ்ஸை ஓட்டிக்கொண்டே எழுதினாயா?

டீகன்


வைட் கிளிஃப்ஸ்
ஜூன் 9, வெள்ளி

டீக்,

பதினொன்றையும் ஒரே மூச்சில் போட்டேன். திட்டாதே. நகல் எடுத்தேன், அந்த அளவுக்கு உன் அப்பனுக்கு மூளை உண்டு.

பலன் இப்படி. முதல் நாள் ஊரில் எல்லோருக்கும் தலை ஊதா நிறமாகிவிட்டது. சிறைக்காரனுக்குத் தலையே இல்லை, தொப்பி மட்டும் காற்றில் நின்று என்னை அதட்டியது. இரண்டு நாள் மோட்களின் வரிசையை மாற்றி மாற்றி வைத்ததில் தலைகள் திரும்ப வந்தன. வெளிச்சம் பரவாயில்லை. ஓடையில் கூழாங்கல் எண்ணலாம், ஓரத்தில் இருக்கிற கல்லை.

இரண்டு கோளாறு மட்டும் போகவில்லை. பிஸ்கட்டின் வேலி கோணியிருக்கிறது. நானே கட்டிய வேலி, டீக். பதினைந்து வருடமாக நேராக நின்றது. இப்போது நடுவில் இரண்டு குச்சி, யாரோ உட்கார்ந்து எழுந்த மாதிரி உள்ளே வளைந்திருக்கிறது. கிட்டே போனால் வளைவும் கூடவே வருகிறது. இன்னொன்று ஹில்டா. அவள் முகத்தின் நடுவில் ஒரு சாம்பல் அழுக்கு. காதைப் பார்த்தால் காது தெளிவு, மூக்கைப் பார்த்தால் மூக்கு இல்லை. எந்த மோடின் வேலை இது? மூன்றாவதுதான் என்று எனக்குச் சந்தேகம்.

ஊர்ச் செய்தி ஒன்றே ஒன்று. செவ்வாய்க்கிழமை காலையில் கிட்சன் பண்ணை வாசலில், பண்ணைக்காரி ராவீன் தபால் போடுவதற்கு வைத்திருக்கிற தகர டிரம்மை பஸ்ஸால் இடித்துவிட்டேன். எதிர்வெயில். டிரம் தூரத்து மரம் வரைக்கும் உருண்டுபோனது. ராவீன் வாசலுக்கே வந்துவிட்டாள்.

“நெவ், என் டிரம்மு உன்னை என்னடா பண்ணுச்சு?”

“ரொம்ப நாளா என்னை முறைச்சுப் பாத்துக்கிட்டு இருந்துச்சு ராவீன்.”

“அடுத்த தடவ என் புருஷனை இடி. டிரம்மு உபயோகமான சாமான்.”

சிரித்துக்கொண்டே போய்விட்டாள். நானும் சிரித்தேன்.

மோட் விஷயத்தைச் சீக்கிரம் எழுது.

அப்பா


அடிலெய்ட்
ஜூன் 15

அப்பா,

மூன்றாவது மோடை நாற்பதாயிரம் பேர் போட்டிருக்கிறார்கள். அதில் வந்த புகார்களையெல்லாம் நேற்று உட்கார்ந்து படித்தேன். பல் பச்சையாகிறது என்று ஒருவன். பெண்களுக்கெல்லாம் தாடி முளைக்கிறது என்று ஒருவன். முகத்தின் நடுவில் அழுக்கு என்று யாரும் எழுதவில்லை. வேலியைத் தொடுகிற மோட் எதுவும் அந்த டிஸ்கில் இல்லை, என்னுடையதைத் தவிர. என்னுடையது நேராகத்தான் நிற்கும். நான் பலகை செய்கிறவள்.

கிட்டே போனால் வளைவும் கூடவே வருகிறது என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை நாலு முறை படித்தேன். புரியவில்லை.

இப்படிச் செய். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, மோட் போடுவதற்கு முந்தைய நகலுக்குத் திரும்பு. வெறும் ஆட்டத்தில் வேலி கோணுகிறதா பார். பிறகு கீபோர்டின் மேல் வரிசையில் F12 அழுத்தினால் திரை அப்படியே படமாகும். வேலி கோணலாகத் தெரியும்போது இரண்டு, ஹில்டாவுக்கு இரண்டு. பென்டிரைவில் போட்டு அனுப்பு.

எதிர்வெயில் என்றாய். காலையில் கிட்சன் வாசலுக்கு நீ போவது மேற்கே பார்த்து.

டீகன்


வைட் கிளிஃப்ஸ்
ஜூன் 23, வெள்ளி

டீக்,

பென்டிரைவ் இத்துடன். நாலு படம்.

எல்லா மோடையும் எடுத்தாகிவிட்டது. வெறும் ஆட்டம். வேலி கோணல்தான். அழுக்கும் இருக்கிறது.

திரைதான் கெட்டுவிட்டது என்று முடிவு செய்து, பப்பின் பின்னறையில் சும்மா கிடந்த திரையைக் கேட்டு வாங்கிவந்தேன். பெரியது, நல்ல திரை. மாட்டினேன். அழுக்கு அந்தத் திரைக்கும் குடிவந்துவிட்டது. ஒரே இடம், நடுவில், ஒரே அளவு. ஈரத்துணியால் துடைத்தேன். வினிகர் போட்டுத் துடைத்தேன். அப்புறம் திரையை அணைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

மோட் செய்கிறவர்களுக்கு இதைவிட நல்லது ஏதாவது இருக்குமே. நீ வேண்டாம் என்ற அந்தத் தேன் வெளிச்சம், அதை அனுப்பேன். கார்டு வெந்தால் வேகட்டும். கோடுகளை அழுத்தமாகக் காட்டுகிற மோட் ஏதாவது உண்டா? எழுத்தைப் பெரிதாக்குகிறது? எவ்வளவு இருந்தாலும் அனுப்பு. வரிசை நான் பார்த்துக்கொள்கிறேன்.

வெயில் விஷயம். மேகம் என்று எழுத வந்து வெயில் என்று எழுதிவிட்டேன். இதற்கெல்லாம் விசாரணை வேண்டாம்.

அடுத்த வாரத்தோடு பள்ளி மூடுகிறது. இரண்டு வாரம் பஸ் ஓய்வு. அதற்குள் சரியாகிவிடும்.

ஆட்டம் சரியாகிவிடும் என்று சொல்கிறேன்.

அப்பா


அடிலெய்ட்
ஜூலை 2, ஞாயிறு

அப்பா,

உன் பென்டிரைவ் வெள்ளிக்கிழமை மாலை வந்தது. அதற்குள் பஸ் கடைசிப் பிள்ளையை இறக்கிவிட்டிருக்கும் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். ஏன் பார்த்தேன் என்று சொல்கிறேன்.

நாலு படத்தையும் திறந்தேன். வேலி நேராக இருக்கிறது. கடையின் எஃகு அளவுகோலைத் திரையின் மேல் வைத்துப் பார்த்தேன். முடி அளவு கோணல் இல்லை. ஹில்டாவின் முகம் தெளிவாக இருக்கிறது. இடது பக்க மூக்கில் ஒரு மரு இருக்கிறது. அது இருப்பது உனக்குத் தெரியுமா?

அழுக்கு ஆட்டத்தில் இல்லை, அப்பா. திரையிலும் இல்லை.

நேற்று முழுக்க உனக்குப் போன் செய்தேன். பதினேழு முறை. நீ நிலத்துக்கு அடியில் இருக்கிறாய், வேண்டுமென்றே இருக்கிறாய். எனக்குக் கண்ணாடி போட்ட கடைக்குப் போய், வேறு யாருக்கோ போல, நேர்கோடு வளைகிறது, நடுவில் அழுக்கு என்று சொன்னேன். அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“யாருக்குங்க இது? எவ்வளவு நாளா?”

“எங்க அப்பாவுக்கு. தெரியல, ரெண்டு மாசம் இருக்கும்.”

“வாரக்கணக்குல விடுற விஷயமில்லைங்க இது. உடனே டாக்டர்கிட்டக் காட்டணும். வண்டி ஓட்டுறாரா?”

நான் வெளியே வந்துவிட்டேன்.

ஈஸ்டருக்கு நீ எனக்கு டீ ஊற்றினாய். கோப்பைக்குப் பக்கத்தில், மேசை மேல் ஊற்றினாய். ஊற்றிவிட்டு, கோப்பைதான் நகர்ந்துவிட்டது என்று சிரித்தாய். அதைப் பார்த்த பிறகுதான், இந்த வீட்டை விட்டு என்னோடு வா என்று சொன்னேன். காரணத்தைச் சொல்லாமல் முடிவை மட்டும் சொன்னேன். பார்த்ததைச் சொல்ல எனக்குப் பயமாக இருந்தது. தாத்தாவை எனக்கும் கொஞ்சம் ஞாபகம் இருக்கிறது.

நீ கேட்ட தேன் வெளிச்சத்தை அனுப்பவில்லை. வேறொரு மோட் அனுப்புகிறேன். இரண்டு நாளில் நானே செய்தது, உலகத்தில் வேறு யாரிடமும் இல்லை. ஒரே ஒரு கோப்பு. ஆட்டத்தின் கோப்புறைக்குள் இழுத்துப் போடு. பிறகு கரடிக்கணவாயில் உன் வீட்டுக்குள் போ. மான்கொம்பு மாட்டியிருக்கும் சுவரில் கொம்பு இருக்காது. ஒரு பலகை இருக்கும். இருபதுக்கு இருபது கட்டம், எல்லாம் நேர்கோடு, நடுவில் ஒரு புள்ளி. படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொள். இடது கண்ணைக் கையால் மூடிக்கொண்டு புள்ளியை மட்டும் பார். பிறகு வலது கண்ணை மூடிக்கொண்டு பார். என்ன தெரிகிறதோ அதை எழுது. ஜோக் அடிக்காமல் எழுது.

இதைக் காகிதத்தில் வரைந்தே அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் அடுப்புக்குப் போகும். உன் சொந்த வீட்டுச் சுவரை நீ பார்க்காமல் இருக்க மாட்டாய்.

பதினெட்டாம் தேதி பள்ளி திறக்கிறது. பதினான்காம் தேதிக்குள் உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை என்றால் ராவீனுக்குப் போன் செய்துவிடுவேன். நீ என்னை மன்னிக்காவிட்டாலும் சரி.

டீகன்


வைட் கிளிஃப்ஸ்
ஜூலை 11, செவ்வாய்

டீக்,

உன் பென்டிரைவ் வெள்ளிக்கிழமை வந்தது. மூன்று நாள் அதைச் சர்க்கரை டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். டீ போடவில்லை, அந்தப் பக்கம் போகக் கூடாது என்று. நேற்று மதியம் போட்டேன்.

ஆட்டத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. பிஸ்கட்டைக் கட்டிவிட்டு வீட்டுக்குள் போனேன். பலகையைப் பார்த்தேன். நல்ல பலகை. ஓரத்தில் ஆணி கூட வைத்திருக்கிறாய். ஆட்டத்துக்குள் இருக்கிற என் ஆள் நன்றாகத்தான் நின்றான். நாற்காலியில் இருக்கிறவன்தான் கண்ணாடியை இரண்டு முறை துடைத்தான்.

முதலில் வலது கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். எது நல்லது என்று தெரிந்துதான் அதில் ஆரம்பித்தேன். கட்டம் எல்லாம் நேர். கீழே ஒரு கோடு கொஞ்சம் சந்தேகம், இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பிறகு இடது கண்ணை மூடினேன். நடுவில் புள்ளி இல்லை. புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒன்று. அதைச் சுற்றியிருக்கிற கோடெல்லாம் அதற்குள் இறங்குகிறது, கம்பி வலை மேல் பாறாங்கல் விழுந்த மாதிரி. கையை எடுத்தேன், மூடினேன், எடுத்தேன், மூடினேன். சுவர் மாறவில்லை.

ஜோக் அடிக்காதே என்றாய். அடிக்க ஒன்றும் இல்லை.

எனக்கு மார்ச்சிலேயே தெரியும். மருவும் தெரியும். அது எங்கே போனது என்று ஆட்டத்தில் தேடிக்கொண்டே இருந்தேன். ஒரு நாள் ஹில்டாவின் முகத்தைப் பார்ப்பதற்காக, கிளி பார்க்கிற மாதிரித் தலையை ஒரு பக்கம் சாய்த்தேன். சாய்த்தவுடன் மூக்கு தெரிந்தது. அந்த நிமிடமே திரையை அணைத்துவிட்டேன். என் அப்பா அப்படித்தான் பார்ப்பார். கடைசிப் பதினோரு வருடம் நடுவில் ஒன்றும் தெரியாமல், ஓரத்தால் பார்த்து, ஓரத்தால் சாப்பிட்டு, யார் பேசினாலும் தலையைச் சாய்த்துக்கொண்டு. நான் அதைச் செய்துகாட்டி பப்பில் சிரிப்பு வாங்கியிருக்கிறேன். அவர் கையிலிருந்து வண்டிச் சாவியைப் பிடுங்கினதும் நான்தான்.

அதனால்தான் உன்னிடம் மோட் கேட்டேன். ஒன்று போட்டு ஒருநாள் தெளிவாக இருக்கிற மாதிரி இருந்தால், அன்றைக்கு ஆட்டம்தான் கெட்டிருந்தது என்று நம்பிக்கொண்டு தூங்கலாம். பதினொன்று போட்டால் பதினொரு நாள். உனக்கு இருபது மோட் செய்யத் தெரிந்திருந்தால் இருபதையும் கேட்டிருப்பேன்.

இனி எழுதுவதை எழுதாமல் இருக்க இந்தத் தாளை இரண்டு முறை மடித்து வைத்தேன்.

டிரம்மை இடித்த அன்று வெயிலும் இல்லை, மேகமும் இல்லை. நான் டிரம்மைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டு நிறுத்தினேன். கதவு திறந்தது. ராவீனின் சின்னவள் பிப்பா படியில் ஏறி நின்றாள். இரண்டாம் வகுப்பு, பற்கள் விழுந்த பிள்ளை.

“நெவ், டிரம்மைக் கொன்னுட்டீங்க.”

“நீ எங்கம்மா நின்ன?”

“டிரம்மு பக்கத்துல. எப்பவும் அங்கதான நிப்பேன்.”

எப்போதும் அங்கேதான் நிற்பாள். மஞ்சள் தொப்பி போட்டுக்கொண்டு. அந்தத் தொப்பியை நான் பார்க்கவில்லை, டீக். டிரம்முக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கை தூரம். அந்தத் தூரத்தை மனதில் அளந்து அளந்து பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குறைகிறது.

அதற்குப் பிறகும் பள்ளி மூடுகிற வரை மூன்றரை வாரம் பஸ் ஓட்டினேன். மெதுவாக ஓட்டினேன், ஓரத்தால் பார்த்து ஓட்டினேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒவ்வொரு வாசலிலும் ஆறு பேரா என்று எண்ணினேன். என்னைப் பற்றி நான் எவ்வளவோ கிண்டல் செய்திருக்கிறேன். இதை என்னால் கிண்டல் செய்ய முடியவில்லை.

நேற்று மாலை கிட்சன் பண்ணைக்கு நடந்தே போனேன். ஏழு கிலோமீட்டர். ராவீன் கொட்டகையில் ஆட்டுக்குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

“என்ன நெவ், டிரம்முக்குத் துக்கம் கேக்க வந்தியா?”

“ராவீன், அன்னைக்கு நான் டிரம்மைப் பாக்கல.”

“அதான் இடிச்ச.”

“பிப்பாவையும் பாக்கல.”

அவள் குட்டியைக் கீழே இறக்கிவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். வேலி, அழுக்கு, கட்டம், எல்லாம். கேட்டுக்கொண்டே நின்றாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் என்ன இருந்தது என்று பார்க்கத் தலையைச் சாய்க்க வேண்டியிருந்தது. சாய்க்கவில்லை.

“எத்தனை வாரம்டா ஓட்டுன?” என்றாள் கடைசியில்.

“மூணரை.”

“சாவி எங்க?”

கொடுத்தேன். வாங்கிச் சட்டைப் பைக்குள் போட்டு, பை பொத்தானையும் போட்டாள்.

“உன் மேல எனக்கு இருக்கிற கோவம் ஒரு வருஷத்துக்குத் தீராது நெவ். அத அப்புறம் வச்சுக்கிறேன். வியாழக்கிழமை காலைல உன்னை புரோக்கன் ஹில்லுல கண் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போறேன். இப்ப உள்ள வந்து டீ குடி. நான் ஊத்துறேன்.”

பள்ளிக்கு நானே சொல்ல வேண்டும் என்றாள். இன்று காலை தலைமையாசிரியை வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டேன். தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி உனக்கும் போன் செய்வேன், எங்கே, எத்தனை மணிக்கு என்று மட்டும் சொல்வேன். மற்றதெல்லாம் இந்தக் கடிதத்தில்தான். வாயால் சொல்ல என்னால் முடியாது.

கண்ணுக்குள் ஊசி போடுவார்களாம், ராவீன் சொல்கிறாள். அவள் அத்தைக்குப் போட்டார்களாம். எனக்குப் பயமாக இருக்கிறது. டிரம் உருண்ட அன்று இருந்ததைவிடக் குறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் பயம்தான்.

அப்பா


வைட் கிளிஃப்ஸ், உன் சமையலறை மேசை
ஜூலை 17, திங்கள்

அப்பா,

நீ தூங்குகிறாய். எழுப்பவில்லை. உனக்குப் படிக்க வசதியாகக் கடை மார்க்கரில், பலகை எழுத்தில் எழுதுகிறேன். நூறு மீட்டரில் வரும் லாரிக்காரனுக்கே தெரியும் அளவு.

சொட்டு மருந்து நாளுக்கு நாலு முறை. கண்ணைத் தேய்க்காதே. அடுத்த ஊசி ஆகஸ்ட் பத்து, ராவீன் கூட்டிப்போவாள், நான் புரோக்கன் ஹில்லுக்கு வந்துவிடுவேன். டாக்டர் சொன்னதை நீ பாதிதான் கேட்டாய், என் விரல்களை உடைகிற மாதிரி இறுக்கிப் பிடிப்பதில் மும்முரமாக இருந்தாய். அவர் சொன்னது இது: போனது எவ்வளவு திரும்பும் என்று சொல்ல முடியாது. இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம். இடது கண்ணில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை. தினமும் காலையில் ஒவ்வொரு கண்ணாகக் கட்டத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கோடு புதிதாக வளைந்தாலும் அன்றே போன்.

டாக்டர் கொடுத்த கட்டம் போட்ட அட்டையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறேன்.

நீ என்னோடு வர வேண்டும் என்று இந்த முறை சொல்லவில்லை. சொல்லத் தோன்றுகிறது. ஆகஸ்டில் நேருக்கு நேர், காரணத்தோடு சொல்கிறேன். கத்தலாம்.

டீக்


வைட் கிளிஃப்ஸ்
ஜூலை 28, வெள்ளி

டீக்,

தடித்த பேனா வாங்கிவிட்டேன். எழுத்து பெரிதாக இருக்கிறது என்று பயப்படாதே. பார்வை மோசமாகவில்லை, பேனாதான் மோசம்.

பஸ்ஸை இப்போது ராவீன் ஓட்டுகிறாள், வேறு ஆள் வரும்வரை. புதன்கிழமை அதே டிரம்மைப் பின்னால் எடுக்கும்போது இடித்துவிட்டாள். அவள் கண்ணில் ஒரு குறையும் இல்லை. பிப்பா வந்து எனக்குச் செய்தி சொன்னாள். இப்போது வாசலுக்கு இந்தப் பக்கம், வேலிக்கு உள்ளே நிற்கச் சொல்லியிருக்கிறார்களாம். ‘டிரம்மு ரெண்டு தடவ செத்துடுச்சு நெவ்’ என்றாள். இந்த முறை தலையைச் சாய்த்து அவள் முகத்தைப் பார்த்தேன். மஞ்சள் தொப்பி. முன்பற்களில் ஒன்று முளைத்திருக்கிறது. ராவீன் என்னோடு தேவைக்குப் பேசுகிறாள். ஒரு வருஷம் என்றாளே, அதை நாள் எண்ணிக் கழிக்கிறேன்.

உன் முதல் மூன்று மோடையும் ஒவ்வொன்றாகப் போட்டேன், நீ சொன்ன மாதிரி, அரை மணி அரை மணியாக. தலைகள் நன்றாக இருக்கின்றன. மீதி எட்டும் வேண்டாம்.

குளிர்சாதனப் பெட்டியில் நீ ஒட்டின அட்டையைப் பார்ப்பதில்லை. உண்மையைச் சொல்கிறேன். அதன் பக்கம் போனால் பாலை எடுத்துக்கொண்டு ஓடிவந்துவிடுகிறேன். ஆனால் தினமும் காலை ஏழு மணிக்கு, முன்பு பஸ்ஸை எடுத்த நேரத்துக்கு, கரடிக்கணவாயில் என் வீட்டுக்குப் போகிறேன். பிஸ்கட்டைக் கட்டுகிறேன். சுவருக்கு முன்னால் நிற்கிறேன். முதலில் கெட்ட கண், பிறகு நல்ல கண். இப்போது அந்த வரிசையில்தான் பார்க்கிறேன். நல்ல கண்ணுக்குக் கையை எடுக்கும்போது ஒவ்வொரு நாளும் மூச்சை அடக்கிக்கொள்கிறேன். இன்று கெட்ட கண்ணில் ஒன்பது கோடு வளைந்திருந்தது, நேற்றும் ஒன்பது. நல்ல கண்ணில் அந்தச் சந்தேகக் கோடு சந்தேகமாகவே இருக்கிறது.

மான்கொம்பு எங்கே போனது என்று கேட்க மாட்டேன். ஆட்டத்தின் நடுவில் மோடைக் கழற்றக் கூடாது என்றாயே. கழற்றவில்லை.

அப்பா